தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த பயணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டே எல்லோரையும் ஆட்டிவைக்கும் சின்ன முதலாளியும் நலம் என்பதை நேற்றுச் சாயங்காலம் என் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். எப்படி என்று பதறாதே. 'இங்கு' என்று நான் எழுதியதும் நீ நம் வீட்டுக் கூடத்தையும் அங்கே கடகடவென்று சுற்றும் மின்விசிறியையும் நினைத்திருப்பாய். அது தப்பு. இங்கு என்றால் உன் ஊர். உன் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில், ஆற்றைப் பார்த்தாற்போல் நிற்கும் பெரிய ஹோட்டலில், தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏன் தொட்டிக்குள் என்றால், இவ்வளவு பெரிய இடத்தில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிந்த ஒரே அறை இதுதான். உன் அம்மா வெளியே இருக்கிறாள்.

உன்னிடம் போனில் பேசக் கூடாது, செய்தி அனுப்பக் கூடாது, மாப்பிள்ளையிடம் மூச்சுக்கூட விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவள் விமானமே ஏறினாள். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டாள். கிரெடிட் கார்டின் நிபந்தனைகளைப் பொடி எழுத்து வரைக்கும் படித்துப் பழகியவன் நான். கூடாது என்று எழுதாதது எல்லாம் கூடும் என்றுதான் அர்த்தம். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். நீ நல்ல செய்தி சொல்லிச் சில வாரம் கழித்து நான் உன் அம்மாவிடம், எப்போது கிளம்பலாம் என்று கேட்டேன். விமானத்தில் அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வர தன்னால் முடியாது, ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரில் நின்று நின்றே தன் கால் போய்விட்டது என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. அப்போதுதான் பல் டாக்டர் வீட்டுப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். விமானத்தில் ஒரு அம்மா கால் நீட்டி, போர்த்திக்கொண்டு, வீட்டில் தூங்குவதுபோலத் தூங்குகிறாள். விலையை விசாரித்தேன். நம் வீட்டை விற்றால் அந்த அம்மாவின் தலையணை கிடைக்கும். ஆனால் கார்டில் செலவு செய்தால் பாயின்ட் சேரும், பாயின்ட் சேர்ந்தால் படுக்கையே கிடைக்கும் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

நம் வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டு எப்போது பாயின்ட் சேருவது? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நான் கடை கடையாகப் போய் நிற்க ஆரம்பித்தேன். பணம் கட்டும் வரிசையில் முன்னால் நிற்பவரிடம், ரொக்கத்தை என்னிடம் கொடுங்கள், உங்களுக்காக நான் கார்டைத் தேய்க்கிறேன் என்பேன். முதலில் என்னைத் திருடன் என்று நினைத்தார்கள். பிறகு பைத்தியம் என்று நினைத்தார்கள். அதற்கப்புறம் பழகிவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சோபா, முடிவெட்டுபவரின் புதுச் சுழல் நாற்காலி, எதிர்வீட்டுப் பையனின் கல்லூரிக் கட்டணம், எல்லாம் என் கார்டில் தேய்ந்தவைதான். தெருவில் எனக்குத் 'தேய்ப்பு மாமா' என்று பெயர் வந்தது. யார் வீட்டிலாவது குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போனால் மெக்கானிக்குக்குச் சொல்வதற்கு முன் எனக்குச் சொல்லிவிடுவார்கள். பல் டாக்டரின் கூடத்தில் பல் வலியே இல்லாமல் போய் உட்கார்ந்து, வருகிற நோயாளிகளுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது டாக்டருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, ஒரு நாள் என்னையும் கூப்பிட்டுப் படுக்கவைத்து ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார். அந்தப் பல்லுக்கும் பாயின்ட் வந்தது.

ஒருவழியாகச் சேர்ந்ததும், கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம், இனி என்ன சாக்கு என்று உன் அம்மாவிடம் கேட்டேன். வந்தாலும் உன் வீட்டில் தங்க மாட்டேன் என்றாள். சரி என்று மறுபடியும் தேய்க்கப் போனேன், ஹோட்டலுக்கு. அதுவும் சேர்ந்தது. அப்புறம்தான் அந்தச் சத்தியங்கள். ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறாளாம், நீ இருக்கிற ஊராக அது அமைந்துபோனதற்குத் தான் பொறுப்பில்லையாம். ஏன் உன் வீட்டில் தங்க மாட்டாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆனால் அதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அதுவரை நான் பட்ட பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிரு.

விமான நிலையத்தில் எங்களை ஒரு தனிக் கூடத்துக்கு அழைத்துப்போனார்கள். மெத்தை நாற்காலி, தட்டுத் தட்டாகச் சாப்பாடு, கேட்காமலே காபி. உன் அம்மா எதையும் தொடவில்லை. பில் வரட்டும், விலை தெரியாமல் வாயில் வைக்காதீர்கள் என்று என்னையும் தடுத்துவிட்டாள். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, அங்கிருந்த பணக்காரர்கள் நடுவே மெல்லத் தின்றோம். இதெல்லாம் இலவசம் என்று எனக்குத் தெரியும், ஆனால் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் அவளே எழுந்து போய் அங்கிருந்த பெண்ணிடம் கேட்டு வந்தாள். வந்ததும், 'முன்னாடியே சொல்லக் கூடாதா?' என்று என்னைத் திட்டினாள். அதற்குள் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஆளுக்கு ஒரு தடுப்பு, ஆளுக்கு ஒரு கதவு. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நமக்குத் தனிக்குடித்தனம் என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். எட்டிப் பார்த்தால் ஆளே இல்லை. நான் தொலைந்துபோய்விட்டேன் என்று அவள் என்னைத் தேடி வேறு பக்கமாகப் போயிருக்கிறாள். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறப் பைஜாமா கொடுத்தார்கள். மாற்றிக்கொண்டு அவரவர் படுக்கையில் சாய்ந்ததும் உன் அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 'அப்படியே நம்ம ஆஸ்பத்திரி வார்டு மாதிரியே இருக்குங்க' என்றவள், சும்மா இருக்க முடியாமல், எதிர்ப் படுக்கைக்காரர் வாயில் போட்டுக்கொண்ட மாத்திரையின் பெயரைக் கேட்டு, அதை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று அவருக்கு ரொட்டி வரவழைத்துக் கொடுத்தாள். அவர் ஏதோ பெரிய கம்பெனியின் தலைவராம். இறங்கும்போது அவளிடம் விடைபெற்றுக்கொண்டு போனார். நான் என் பங்குக்கு, சூப் தட்டு மடியில் இருக்கும்போது எந்தப் பொத்தானையோ அழுத்திவிட்டேன். நாற்காலி மெதுவாகப் படுக்கையாகிக்கொண்டே போனது. நானும் சூப்பும் சேர்ந்தே படுத்தோம்.

ஆனால் பாப்பா, பிறகு விளக்கைக் குறைத்தபோது தடுப்பை இறக்கிப் பார்த்தேன். உன் அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தாள். கழுத்துவரை போர்த்தி, கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து. அவள் அப்படி நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது. பிடுங்கின பல்லுக்கு அப்போதே கணக்கு நேராகிவிட்டது. ஈரப் பைஜாமாவோடு வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஹோட்டல் கதை இன்னும் பெரிது. அறை பதிவு செய்யும்போது போனில் ஒரு பெண், இந்தப் பயணத்தில் ஏதாவது மகிழ்ச்சியான சங்கதி உண்டா என்று கேட்டாள். கேட்டால் விடுவேனா? அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை வரப்போகிறது என்று பெருமையாகச் சொன்னேன். பேரக்குழந்தை என்று தனியாகச் சொல்ல வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை, நம் வீட்டுக் குழந்தை நமக்கு வருகிற குழந்தைதானே. அவள் அதைக் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றிவிட்டாள். இங்கே வந்து சேர்ந்தால் வரவேற்பில் இருந்த இளைஞன் என்னைப் பார்த்தான், உன் அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தான், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தான். நல்ல வளர்ப்பு. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் எங்கள் இருவருக்கும் வாழ்த்துச் சொல்லி, அம்மா நிற்க வேண்டாம் என்று நாற்காலி போடச் சொன்னான். அறைக்குள் போனால் கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு தொட்டில்.

உன் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள் பார், பல மாதமாக நான் கேட்காத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் வெட்கத்தோடு, எடுத்துப்போகச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். 'இருக்கட்டும்ங்க' என்றாள். இன்னும் இருக்கிறது. சிறிய துண்டு ஒன்றை நாலாக மடித்து உள்ளே விரித்திருக்கிறாள். காலையில் நான் கண் விழித்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு கை மட்டும் தொட்டிலின் கம்பியைப் பிடித்தபடி இருந்தது.

மற்றபடி அவள் இங்கேயும் குடும்பம்தான் நடத்துகிறாள். அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண்மணி வருவதற்கு முன்பே கட்டிலை ஒழுங்குசெய்து வைத்துவிடுகிறாள். அந்தப் பெண்மணி வந்து அதைக் கலைத்துத் தன் முறைப்படி விரிக்கிறாள். அவள் போனதும் உன் அம்மா அதைக் கலைத்து மறுபடி விரிக்கிறாள். விட்டால் எனக்குப் படுக்கவே இடம் கிடைக்காது. நேற்று ஒருவன் வந்து, தலையணையில் ஏழெட்டு வகை இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டான். உன் அம்மா அவனையே நிற்கவைத்து, எது கழுத்து வலிக்கு, எது முதுகுக்கு என்று கேட்டுவிட்டு, பக்கவாட்டில் படுக்கிற கர்ப்பிணிக்கு எது நல்லது என்றும் கேட்டாள். அவன் தொட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருப்பதிலேயே நீளமான ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை அவள் பிரிக்கவே இல்லை. அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

ஊர் சுற்றிப் பார்க்கத்தான் வந்தாள் என்றேன் அல்லவா? சுற்றிப் பார்க்கிறோம், உன் தெருவை. வாடகை வண்டியில் ஏறியதும் எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் கேட்பார். அவள் ஏதாவது அருங்காட்சியகத்தைச் சொல்வாள். ஆனால் இந்தப் பக்கமாகப் போங்கள், கட்டடங்கள் அழகாக இருக்கும் என்பாள். உன் தெருவில் என்ன இருக்கிறது? ஒரு மருந்துக்கடை, ஒரு சலவைக்கடை, ஒரு மூடிக்கிடக்கிற வங்கி. ஓட்டுநர் ஒரு நாள் தாங்க முடியாமல், இதை முன்பே பார்த்துவிட்டோமே அம்மா என்றார். வெளிச்சம் மாறியிருக்கிறது, இப்போது பார்த்தால் வேறு மாதிரி தெரியும் என்று சொல்லிவிட்டாள். வண்டி உன் வாசலைத் தாண்டும்போது மட்டும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்துவிடுவாள். குனிந்தால் எப்படிப் பார்ப்பது? அதனால் நான் பார்த்து, அவளுக்குச் சொல்ல வேண்டும். ஜன்னல் திறந்திருக்கிறது, துணி காய்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, இப்படி.

நேற்றுச் சாயங்காலம் நீயே வந்துவிட்டாய். கையில் பெரிய பையோடு கடையிலிருந்து நடந்து வந்தாய். விளக்குக் கம்பத்தருகே நின்று, பையைக் கீழே வைத்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாய். அன்றைக்கு உன் அம்மா குனியவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். 'அந்தக் கனத்தை அவ தூக்கலாமாங்க?' என்றாள். நான் உன் காலைப் பார்த்தேன். வாழ்நாள் எல்லாம் செருப்புக்கடையில் குனிந்தே இருந்தவன் வேறு எதைப் பார்ப்பேன்? ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிப் போட்டுக்கொண்டு நடக்கிறாய். கால் வீங்கிவிட்டது, பழைய அளவு இனி உனக்கு ஆகாது. நீ பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் வண்டி அங்கேயே நின்றது. ஓட்டுநர் நல்ல மனிதர், கிளம்பலாமா என்று கேட்கவில்லை. உன் அம்மா ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதாள். இன்று காலை நான் போய், மெத்தென்ற அடியும் அகலமான முன்பக்கமும் உள்ள ஒரு ஜோடி வாங்கி வந்தேன். இந்தக் கடிதத்தோடு வருகிற பெட்டியில் அதுதான் இருக்கிறது.

இனிச் சொல்லிவிடுகிறேன். நீ நல்ல செய்தி சொல்லிச் சில நாள் கழித்து ஒரு முறை போனில் பேசினாய். 'சரிம்மா, வெச்சிடறேன்' என்று சொன்னாய். சொன்னாயே தவிர, போனைத் துண்டிக்கவில்லை. உன் அம்மா காதில் வைத்தபடியே இருந்தாள். நீ மாப்பிள்ளையிடம் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டாள். 'அம்மா வந்தா எனக்கு மூச்சு முட்டும். அதைச் செய், இதைச் செய்யாதேன்னு என் வீட்லயே நான் விருந்தாளி மாதிரி இருக்கணும்.' இதைத்தான் கேட்டாள். என்னிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டே, யாரோ மூன்றாம் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல, 'நான் போனா அவளுக்கு மூச்சு முட்டுமாம்' என்றாள். அதற்கு அப்புறம்தான் கால் வலி வந்தது.

உன்னை நான் குறை சொல்லவில்லை. உன் அம்மாவோடு இருந்தால் யாருக்கும் கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்யும். நான் கடை கடையாக வரிசையில் நின்றதுகூடப் பாதி அதற்காகத்தானோ என்னவோ. அவளுக்கு அன்பு வந்தால் அது மருந்துச் சீட்டு மாதிரிதான் வெளியே வரும், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. வருகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டாய், அவள் கால் வலி என்றதும், சிரமப்பட வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டாய். அன்று ராத்திரி நீ அழுதாய் என்று மாப்பிள்ளை பிறகு என்னிடம் சொன்னார். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுகிறீர்கள். நடுவில் நான் கார்டைத் தேய்த்துக்கொண்டு அலைகிறேன். பாயின்டால் படுக்கை வாங்கலாம், தலையணை வாங்கலாம், தொட்டில்கூட வாங்கிவிட்டேன். இதை மட்டும் எந்தப் பாயின்டுக்கும் தரமாட்டேன் என்கிறார்கள். கோபம் அவள் மனசில் கல்லாக உட்கார்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நீ வந்தால்தான் அது கரையும்.

அதனால் ஒன்று செய். நாளைக் காலை இந்த ஹோட்டலின் கீழ்க்கூடத்துக்கு வா. அவள் தினமும் காபிக் கோப்பையோடு சுழல் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். நீ யாரையோ பார்க்க வந்தவள்போல வா. எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்படு. போன் விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. நான் எழுதினேன் என்பது செத்தாலும் வெளியே வரக் கூடாது. இந்தச் சலுகை நாங்கள் ஊர் திரும்பும்வரை மட்டுமே செல்லும், நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், கனமான பையை இனி அவரே தூக்க வேண்டும் என்றும் சொல். சின்ன முதலாளிக்குத் தாத்தாவின் முத்தம். நீ ஒரு குறையும் இல்லாமல் பெற்றுப் பிழைத்து நீடு வாழ வேண்டும். தொட்டிக்குள் கால் மரத்துப்போய்விட்டது, நிறுத்திக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள,
அப்பா

பின்குறிப்பு: இது அம்மா எழுதுவது. உன் அப்பா கடிதத்தையும் பெட்டியையும் வரவேற்பில் கொடுத்து, ஆள் மூலம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். தெருப் பெயர் எழுதியவர் வீட்டு எண் எழுதவில்லை. அந்தப் பையன் எண் கேட்டு அறைக்குப் போன் செய்தான், நான்தான் எடுத்தேன். கீழே போய் வாங்கிக்கொண்டேன். எல்லாம் படித்துவிட்டேன்.

அவர் எழுதியதில் பாதி தப்பு. விமானத்தில் நான் தூங்கவே இல்லை. அந்தப் படுக்கையில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவர் தடுப்பை இறக்கி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பல்லெல்லாம் கொடுத்துச் சேர்த்திருக்கிறாரே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரிடம் சொல்லிவிடாதே.

எனக்கு உன் மேல் கோபமும் இல்லை. அதுவும் தப்பு. நீ சொன்னது சரிதான் என்று பட்டது, அதனால்தான் பயந்தேன். வந்தால் மறுபடி அப்படித்தான் இருப்பேன், எனக்கு வேறு விதமாக இருக்கத் தெரியாது. அதைக் கேட்டு நீ இன்னும் தூரமாகப் போய்விட்டால் என்ன செய்வேன்? அதற்குக் கால் வலியே மேல் என்று இருந்துவிட்டேன். நேற்று நீ அந்தக் கம்பத்தருகே மூச்சு வாங்கி நின்றாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நாளை ஹோட்டலுக்கு வர வேண்டாம். இதை ஆள் கொண்டுவரவில்லை, நான்தான் கொண்டுவந்தேன். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஷூப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கப் படி, யோசி, எனக்கு அவசரமில்லை. மூச்சு முட்டினால் வாய் விட்டுச் சொல், எழுந்து ஹோட்டலுக்குப் போய்விடுவேன், மறுநாள் வருவேன். இனிமேல் அதைச் செய், இதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை உன்னிடம் சொல்ல மாட்டேன்.

கதவைத் திற. ஓடி வராதே, மெதுவாக வா.